காலர் அட்டையில் பன்னிரண்டு சொல்

அக்கா: உன் முதலாளி திட்டினா திட்டட்டும்! முதல்ல கதவைச் சாத்து.

தம்பி: வேலைக்கு நடுவுல போன் போட்டு அலறுனியே... என்னக்கா, கத்திரிக்கோல் கிடைச்சிருச்சா?

அக்கா: கத்திரிக்கோலுக்கா அலறுவேன்? உன் கிரிப்டோ காயினைத் திறக்கிற பன்னிரண்டு சொல்லு... நீ தொலைச்ச அந்தத் தாள்டா!

தம்பி: எ... எங்க?

அக்கா: துணி வெட்ட நான் வச்சிருக்கிற மாதிரி அட்டைக் கட்டுல! கெட்டித் தாளா இருக்கேன்னு நான்தான் சட்டை அளவுக்கு வெட்டி வச்சிருக்கேன். ரெண்டு வருஷமா அதை வச்சுத்தான் ஊருக்கே காலர் தைக்கிறேன்!

தம்பி: வெட்டிட்டியா? அப்ப பாதி போயிருக்கும். விடுக்கா.

அக்கா: விடுறதா? காலர்ல ஆறு. பாக்கெட்ல நாலு. கைப்பட்டியில ரெண்டு. நம்பர்கூடப் போட்டிருக்க, புண்ணியவான்!

தம்பி: ஒரு சொல்லு மாறினாலும் திறக்காது...

அக்கா: ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? குதிக்க வேண்டாமா?

தம்பி: குதிக்கிறேன்... குதிக்கிறேன்.

அக்கா: இனி நீ கப்பல்ல போய்ப் பாத்திரம் கழுவ வேண்டாம். இங்கயே சொந்தமா போன் ரிப்பேர் கடை! பலகைக்கு என்ன கலர்...

தம்பி: மூச்சு விடுக்கா.

அக்கா: போனை எடு!

தம்பி: சார்ஜ் இல்லை.

அக்கா: போன் ரிப்பேர்காரன் போன்ல சார்ஜ் இல்லையாம்! இந்தா, என்னோடது. ஒவ்வொரு சொல்லா அடி... ம், அடுத்தது... திறந்துருச்சு! டேய், திறந்துருச்சுடா! ...என்ன, இருப்பு சைபர்னு காட்டுது? எவனாவது திருடிட்டானா?

தம்பி: திருடலைக்கா.

அக்கா: பின்ன?

தம்பி: போன மாசமே இந்தத் துண்டெல்லாம் என் கண்ணுல பட்டுது. உன் பேர்ல ஒரு கணக்கு திறந்து, எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டு, அப்புறம் சொல்லலாம்னு... அந்தக் காயினுக்கே தனியா ஒரு முகவரி உண்டு, அது யாரோட கணக்கும் இல்லை. அவசரத்துல உன் முகவரிக்குப் பதிலா அதைப் போட்டுட்டேன்.

அக்கா: திருப்பி அனுப்பச் சொல்லுடா!

தம்பி: யார்கிட்டக்கா சொல்றது? அங்க ஆளே கிடையாது. காயின் கண்ணுக்குத் தெரியும், யாராலயும் எடுக்க முடியாது. உன்கிட்ட சொல்ல வாய் வரலை. துண்டுகளைத் திரும்பக் கட்டுலயே வச்சுட்டு, கப்பல் வேலைக்குச் சரின்னுட்டேன். ...ஏன்க்கா உட்கார்ந்துட்ட? அதான் அடுத்த வாரம் கப்பல் ஏறப் போறேனே. சம்பாதிச்சுடலாம்.

அக்கா: தாள் கிடைச்சதும் நான் முதல்ல உன்னைக் கூப்பிடலடா... கப்பல் ஏஜெண்டைத்தான் கூப்பிட்டேன். என் தம்பி வரமாட்டான், அந்த இடத்தை யாருக்கு வேணா கொடுங்கன்னேன். கொடுத்துட்டாராம்.