படகில் எழுதிய வெப்சைட் முகவரி

திருமலைராயன்பட்டினத்தில் ஏறிய இரண்டு இளைஞர்கள் காரைக்கால் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் பட்டினச்சேரி மீனவன். விரல்களில் வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருந்தது. மற்றவன் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“வெப்சைட் அட்ரஸ நம்ம மீன்புடி போட்டு மேலயே எழுதிட்டேன் மாப்ள” என்றான் மீனவன்.

“எதுக்கு மச்சான்? காணாமப் போன உங்க அண்ணன் பேர அடிச்சுத் தேடுனா, நம்ம சைட்டுதான் மொதல்ல வருது.”

“தேடுனாத்தான வரும்? அவரத் தேடுறது நாமதான். எங்கயாவது அவரப் பாத்தவங்க எதுக்குத் தேடப்போறாங்க?”

சென்டர்காரன் அவன் பக்கம் திரும்பினான்.

“வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊரு ஆளுங்களுக்கு போட்டோவோட மெயில் அனுப்புறேன். ஆளுக்குப் பத்து பேருக்கு அனுப்பச் சொல்லலாம்.”

“அதையும் செய்யி. நம்ம போட்டு கோடியக்கரை வரைக்கும் போவுது. அங்க பல ஊரு போட்டுங்க வரும். பாக்குறவன் பாக்கட்டும்.”

“இங்கிலீஷ்லதான எழுதியிருக்க? உங்க அண்ணனே பாத்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாதே மச்சான்.”

“தெரியாது. அதான் அவரு அடிச்ச பச்சை பெயிண்ட மட்டும் நான் மாத்தல. தூரத்துலேர்ந்து பாத்தாலே நம்ம போட்டுன்னு தெரிஞ்சுக்குவாரு.”