கர்ணன் உள்ளே இருக்கிறார்

பகல் பன்னிரண்டு மணி. பகல்தான்... பேய்க் கதைக்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இப்போதே மாடியை விட்டு இறங்கிப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரமாகும். யாரும் செல்போன் டார்ச்சை அடிக்கக் கூடாது. அடித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அப்புறம் இந்தக் கிருபாவதியிடம் வந்து கெஞ்சக் கூடாது.

நடந்தது நம் நதியாவின் சித்திக்கு. பவுனு என்று பெயர். நதியா இதோ என் முழங்காலில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் கிள்ளட்டும்.

இரண்டாயிரத்து ஐந்து, வைகாசி மாசம். ஆண்டிபட்டிக்கு வெளியே ஒரு சாயப்பட்டறை. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே மண்பாதையில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வீடு கிடையாது, கடை கிடையாது. உச்சி வெயில்... சித்தியின் செருப்புச் சத்தம் மட்டும். சரக்... சரக்... பாதி வழியில் ஒரு வாசனை வந்தது.

கிராம்பு.

அந்தப் பக்கம் காஸ்டிக் சோடா நாற்றம்தான் வரும். கிராம்பு எங்கிருந்து? சித்தி நின்றார். செருப்புச் சத்தம் இன்னும் இரண்டு எட்டு கேட்டது... அப்புறம் அதுவும் நின்றது.

கிள்ளாதே நதியா. பொய்க்குத்தான் கிள்ளச் சொன்னேன், பயத்துக்கு இல்லை.

அந்த வாசனை யாருடையது என்று சித்திக்குத் தெரியும். கர்ணன். பட்டறையில் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். சொத்தைப் பல்லுக்காக எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். தினமும் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் பாய்லரின் வால்வை மூன்று தடவை திறந்து மூடுவார். புஸ்... புஸ்... புஸ்ஸ்ஸ். மூன்று தடவையும் ஆவி சரியாக வெளியேறினால்தான் கம்ப்யூட்டரில் தன் பெயரில் நுழைந்து 'பாய்லர் சரி' என்று அமுக்குவார். அதற்கப்புறம்தான் மத்தியான வேலைக்கான சீட்டு பிரிண்டரில் வரும். பாய்லரை ஒட்டிய ஹாலில் நாற்பது பெண்கள் நூல் அலசுகிறார்கள், வால்வு அடைத்துக்கொண்டால் ஒருத்தியும் மிஞ்ச மாட்டாள் என்று முதலாளியோடு மல்லுக்கட்டி அவர் வாங்கிய ஏற்பாடு அது.

மாசி மாசம் மஞ்சள்காமாலையில் கர்ணன் செத்துப்போனார்.

வேலையில் இல்லாதவரின் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதுதான் முறை. ஆனால் பெயரை எடுத்தால் பாய்லருக்குப் படித்த வேறு ஆளைத் தேட வேண்டுமே. மேனேஜர் சுயம்புலிங்கத்துக்கு அதற்கு மனசில்லை. அந்த ஆளுக்கு மரியாதை போட்டுப் பேச எனக்கு வாய் வராது. ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்த சித்தியைக் கூப்பிட்டான்.

"கர்ணன் பேரு அங்கனயே கெடக்கட்டும்மா. பாஸ்வேர்டு ஒனக்குத் தெரியுமில்ல? தெனம் பன்னெண்டுக்கு நீயே அமுக்கி விட்ரு."

செத்தவருக்குக்கூட லீவு கொடுக்காத கம்பெனி. சித்தியும் அமுக்கினார். மூன்று மாசம். வால்வை யாரும் தொடவில்லை. அது சித்தி செய்த தப்பு. சித்தியே அப்படித்தான் சொல்வார், நான் மழுப்பப் போவதில்லை.

அன்றைக்குச் சித்திக்கு லீவு. அதனால் மேனேஜரே காலையில் கர்ணன் பெயரில் நுழையப் பார்த்திருக்கிறான். முடியவில்லை. பக்கத்து வீட்டு போனில் கூப்பிட்டு உடனே வரச் சொன்னான். அப்படித்தான் சித்தி அந்தப் பாதையில் வந்தார்.

அவர் மூச்சைப் பிடித்து நின்றபோது தூரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. அதற்குப் பின்னால்... புஸ்... புஸ்...

மூன்றாவது வரவில்லை.

சித்தி ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்குள் நுழைந்தார். பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்கள். விறகு தள்ளுகிற ஆளும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாய்லர் அறையில் ஒரு ஈ, காக்கை இல்லை. சித்தி கர்ணன் பெயரை அடித்தார். இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

'இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். இடம்: பாய்லர் அறை.'

பாய்லர் அறைக் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு மதுரை போய் ஒரு மாசமாகிறது. மேசையில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாகத் தூசியில்லாமல் தெரியும்.

"ஏதோ வைரஸும்மா. ஆஃப் பண்ணிப் போடு," என்றான் மேனேஜர். போட்டார். மறுபடியும் அதே வரி. சித்தி தன் பெயரில் நுழைந்து கர்ணனின் பதிவுகளைத் திறந்தார். இன்றைய தேதி, பன்னிரண்டு மணி: 'சரியில்லை.' அதற்குக் கீழே நேற்று. முந்தாநாள். அதற்கும் முந்திய நாள்... இந்த மூன்று மாசமாகச் சித்தி 'சரி' என்று அமுக்கிய ஒவ்வொரு நாளுக்கும் நேராக ஒரே வார்த்தை.

'பார்க்கவில்லை.' 'பார்க்கவில்லை.' 'பார்க்கவில்லை.'

ஆபீஸ் முழுக்கக் கிராம்பு வாசனை. மேனேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அவன் பேரு வேணாம். ஒன் பேருல அமுக்கும்மா. பன்னெண்டரைக்கு ஆளுக உள்ள போகணும்."

சித்திக்கு அந்த வேலை வேண்டும். வீட்டில் மூன்று பேர் இவர் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாட்டேன் சார். மூணு மாசமா அவுக பேருல பொய் சொன்னேன். அதை அவுகளே வந்து அழிச்சிட்டுப் போயிருக்காக. இப்ப என் பேருலயும் சொல்லச் சொல்றீகளா?"

"வேலை போயிரும், பாத்துக்க."

"போகட்டும் சார். நாப்பது உசுரு போறதுக்கு இது தேவலை."

எழுந்து நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். ஹாலில் மூத்தவர் மலையம்மாள். அவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், தான் அமுக்கியதையும் சேர்த்து. மலையம்மாள் சோற்றுக் கையை உதறினார்.

"ஒன்னைய அப்புறம் வஞ்சுக்கிறேன் பவுனு. கர்ணன் அண்ணே வேணாம்னு சொல்லிட்டாகளா? அப்ப எவளும் உள்ள போகக் கூடாது. எந்திரிங்கடி."

நாற்பது பேரும் கேட்டைத் தாண்டி மண்பாதைக்குப் போய் நின்றார்கள். விறகுக்காரரும் துண்டை உதறிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

மேனேஜருக்கு வீம்பு. பின்னால் பழி வருமே என்று அதுவரை தொடாத தன் பெயரிலேயே 'சரி' என்று அமுக்கினான். சீட்டு வந்தது. அதை ஆட்டிக்கொண்டே முற்றத்துக்கு வந்து கத்தினான். "சீட்டு வந்திருச்சு. வாங்க, எல்லாரும் உள்ள வாங்க."

ஒருத்தியும் அசையவில்லை.

அப்போது பாய்லர் அறைக்குள்ளிருந்து... புஸ்... புஸ்...

அப்புறம் வெடித்தது.

ஹால் கூரை பறந்து கருவேலங்காட்டில் விழுந்தது. நூல் அலசுகிற தொட்டிகள் இருந்த இடத்தில் செங்கல்தான் கிடந்தது. பெண்களுக்கு ஒரு கீறல் இல்லை. மேனேஜருக்கு இடது காது போய்விட்டது. ஆனால் அந்தக் காதில் தினமும் பன்னிரண்டு மணிக்கு இரண்டு சத்தம் மட்டும் கேட்கிறதாம். மூன்றாவதற்காகக் காத்துக்கொண்டே இருக்கிறானாம். இருக்கட்டும், நன்றாகக் கேட்கட்டும்.

இன்னும் முடியவில்லை. எழுந்திருக்காதே நதியா.

இரண்டு வருஷம் கழித்து முதலாளி பட்டறையைத் திரும்பக் கட்டினார். புது பாய்லர், அதற்குப் படித்த புது ஆள், புது கம்ப்யூட்டர், புது சாஃப்ட்வேர். பழையதிலிருந்து ஒரு எழுத்துகூட இதில் கிடையாது. சித்தியையே திரும்பக் கூப்பிட்டு, யார் யார் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். சித்தி எழுதிக்கொடுத்த பட்டியலைப் பார்த்துவிட்டு, சாஃப்ட்வேர் போட வந்த விஜயகுமார் தலையைச் சொறிந்தான்.

"இவுக செத்துப்போயிட்டாகன்னு சொன்னாகளேக்கா. இந்தப் பேரு எதுக்கு?"

"போடு தம்பி. அவுக பேருல இனி யாரும் அமுக்க மாட்டோம். அவுகளா வந்து சொல்லணும்னா ஒரு எடம் வேணுமில்ல?"

"பாஸ்வேர்டு என்ன வைக்க?"

"ஒண்ணும் வைக்காத. வேணும்னா அவுகளே வச்சுக்கிருவாக."

அவன் சிரித்துக்கொண்டே பாஸ்வேர்டு இல்லாமல் கர்ணன் பெயரைச் சேர்த்துவிட்டு மதுரை பஸ்ஸைப் பிடித்தான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. சாப்பாட்டு மணி அடித்தது. புது ஆள் வால்வைத் திறந்தார். புஸ்... புஸ்... புஸ்ஸ்ஸ். மூன்றும் சரி. சித்திக்குக் கை சும்மா இருக்கவில்லை. உள்ளே போக இல்லை, சும்மா பார்க்கத்தான்... கர்ணன் பெயரை அடித்தார். பாஸ்வேர்டுக் கட்டத்தை வெறுமனே விட்டு அமுக்கினார்.

திரையில் ஒரே வரி வந்தது.

'பாஸ்வேர்டு தவறு.'