முதலாளியின் நெஞ்சுப் படம்

இந்த வாக்குமூலத்தின் மேலே குறித்த பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்று. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை காலை, கோழிப் பண்ணையில் வேலை செய்யும் ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கடுங்காய்ச்சல், மூச்சிரைப்பு. படத்தில் வலது நுரையீரலின் அடிப்பகுதி மட்டும் வெள்ளையாக இருந்தது. மறுநாள் இயந்திரத்தை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி எடுத்தபோது, இரண்டு பக்கமும் வெண்மை ஏறி, இதயத்தின் ஓரம்கூடத் தெரியவில்லை. படத்தை மட்டும் வைத்து எந்தக் கிருமி என்று சொல்ல முடியாது என்பதால் டாக்டர் தொண்டைச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பண்ணையில் கோழிகள் செத்தனவா என்று மனைவியிடம் கேட்டார். அவர் சற்று யோசித்து, "செத்துச்சான்னு தெரியாது டாக்டர். கொஞ்ச நாளா சத்தமே இல்ல" என்றார்.

அதன் பிறகு பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்து, பண்ணை முதலாளியை வரவழைத்தார்கள். கோழிகளை விற்றுவிட்டதாகவும், தாம் பண்ணைப் பக்கம் போயே மாதக்கணக்காகிறது என்றும் சொன்னார். சொல்லும்போதே இருமினார். டாக்டர் அவரையும் படம் எடுக்கச் சொன்னார். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். எடும்மா" என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். திரையில் படம் வந்ததும், தொழிலாளியின் முதல் படத்தைத்தான் தவறித் திறந்துவிட்டேனோ என்று பெயரைச் சரிபார்த்தேன். முதலாளியின் பெயர்தான்.

அதன் பிறகு டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலாளி மாறி மாறிப் பார்த்தார். சட்டையைப் போட மறந்து நின்றவர், "இதுல எது என்னுது?" என்று கேட்டார். பதில் வருமுன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கொட்டகைல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. கோழி செத்ததை வெளிய போய்ப் பேசிடுவாங்கன்னு உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்தேன்" என்றார். சாவியை என் கையில் கொடுத்தார். அது அவர் உடம்புச் சூட்டில் சுட்டது. டாக்டர் உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார்.

அன்று மாலை இருவரையும் கொண்டு வந்தார்கள். அண்ணன் தம்பிகள். தம்பியின் நெஞ்சு தெளிவாக இருந்தது. அதைச் சொன்னேன். அவர் மேசையை விட்டு இறங்காமல், வெளியே தலைவரை துணி மூடிக் கிடந்த நோயாளித் தள்ளுவண்டியைக் காட்டி, "காலைலேர்ந்து அண்ணன் பேசல. அவருக்கும் ஒண்ணு எடுத்துருங்கக்கா" என்றார்.

எடுத்தேன். மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதும் கேட்டதும் இவையே. கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை.

(கையொப்பம்)