வியாழக்கிழமைக்குள்ள

செருப்பு வெளியவே இருக்கட்டுங்கா, யாரும் எடுக்க மாட்டாங்க. இதான் ரூமு. சன்னலத் தொறந்தா நல்லா காத்து வரும். உங்க பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸு கீழயே நிக்கும். நானும் அந்தப் பக்கந்தான், ஆபிஸ்ல. டிகிரி முடிச்சு இப்பத்தான் சேந்தேன், இன்னும் கன்ஃபர்ம் பண்ணல. பைராம் தோட்டத்துலேருந்து தெனம் மோட்டோ சைக்கிள்ல பாலம் தாண்டி வந்து போனா உங்க ஒடம்பு என்னத்துக்குக்கா ஆகும்?

மொத மாசம் வாடகை வேணாம். நெஜமாத்தான் சொல்றேன். ஆனா வியாழக்கிழமைக்குள்ள வந்துடணும். சனிக்கிழமையா? இல்லக்கா, சனிக்கிழமை சரிவராது லா.

அந்தச் சட்டைங்களா? எங்க அண்ணனோடது. குகன். இன்னைக்கே எடுத்துடுறேன். அவரு வெளியூர்ல... இல்லக்கா, ஜெயில்ல இருக்காரு. எனக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். மோட்டோ திருடுன கேஸு. இது ரெண்டாவது தடவ.

மொத தடவ வெளிய வந்தப்ப இங்கதான் இருந்தாரு. நல்லாத்தான் இருந்தாரு. காலையில குளிச்சி, சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு வேல தேடப் போவாரு. போற எடத்துல எல்லாம் கேஸ் இருக்கான்னு கேப்பாங்க. இவரும் ஆமான்னு சொல்லிட்டு வந்துடுவாரு. எங்க வீட்ல எல்லாருக்கும் அதே வியாதிதான். கார் கழுவற எடத்துல சேத்துக்கிட்டாங்க, ஒரு வாரத்துல யாரோ மொதலாளி காதுல போட்டுட்டாங்க. அப்பறம் அவரத் தேடி வந்தது பழைய கூட்டாளிங்க மட்டுந்தான். அவனுங்க கேஸ் இருக்கான்னு கேக்கல பாருங்க.

போலீஸ் வந்து வீட்டையே பொரட்டிப் போட்டாங்க. என் லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கும் நானும் அம்மாவும் லிஃப்ட்ல ஏறுனா, பக்கத்து வீட்டுக்காரங்க அடுத்த லிஃப்ட்டுக்கு நிப்பாங்க.

சிரிக்காதீங்க, யூனில படிச்ச கடைசி வருசம் நான் எழுதுனதே இதப் பத்தித்தான். ஜெயில்லேருந்து வர்றவங்களுக்குப் போயி இருக்க ஒரு வீடு இருந்தா, திரும்ப உள்ள போறது கொறையும்னு. எத்தன பேர்கிட்ட பேசி எழுதுனேன் தெரியுமா. லெக்சரர் ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாரு. இப்பவும் அது உண்மதான்க்கா, நான் இல்லன்னு சொல்லல.

பயப்படாதீங்க. பூட்டு மாத்திட்டேன். சாவி உங்ககிட்டயும் எங்ககிட்டயும் மட்டுந்தான்.

பெட்ஷீட்டா? அம்மா நேத்துத் தொவச்சி விரிச்சது. அதையும் தலகாணியையும் நீங்களே வச்சிக்குங்க. அம்மாகிட்ட மட்டும் இப்ப ஒண்ணும் பேச்சுக் குடுக்காதீங்க. குகன் அண்ணனுக்குன்னு நெனச்சி விரிச்சிருக்காங்க.

ஆமாங்கா, வெள்ளிக்கிழம விடுறாங்க. பைய தூக்கிட்டு நேரா இங்கதான் வருவாரு. வாசல்ல நின்னு, ரூம் இருக்கா பாப்பான்னு கேப்பாரு.

உள்ள ஆள் இருந்தாத்தான்க்கா எனக்கு இல்லன்னு வாயில வரும்.