கல்லில் வெட்டிய வார்த்தை

சேந்தமங்கலத்தில் சாக்கில் சுற்றிய சின்னக் கல்பலகையோடு ஒருவர் கொல்லிமலை பஸ்ஸில் ஏறினார். உட்கார இடமில்லை. பலகையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். எனக்கு முன் சீட்டில் மிளகுப் பையோடு இருந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். காரவள்ளி தாண்டி முதல் வளைவில் கேட்டார்.

“ஏனுங்க, கல்லுல தீப்பிடிச்சுன்னு வெட்டியிருக்கீங்களா, தீ வெச்சுன்னு வெட்டியிருக்கீங்களா?”

அவர் திடுக்கிட்டார். “நீங்க மலைமேல குண்டனி நாட்டு ஊருங்களா?”

“ஆமாங்க. நாளைக்கு எங்கூர்ல வெக்கப்போற கல்லுதானுங்க இது? உங்க ஊருக்குக் கூலிக்கு வந்து குடிசையோட எரிஞ்சவங்கள்ல எங்க பெரியப்பனும் ஒருத்தருங்க. உங்க ஆளுங்க இத்தனை வருசமும் தீப்பிடிச்சுதுன்னுதான சொல்றாங்க?”

“கல் வெட்டறவரும் அப்படித்தாங்க வெட்டிட்டாரு. எங்க தாத்தன் காலத்துல இருந்து சொல்லிச் சொல்லி அதே வாயில வந்துருச்சு. ஊரே உக்காந்து பேசி, கல்லைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் வெட்டச் சொன்னோமுங்க. தப்பா வெட்டுன பக்கம் சுவத்துக்குள்ள போயிரும்.”

சாக்கை விலக்கிக் காட்டினார். அம்மா விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“எங்கள் ஊரார்... தீ வைத்ததில்... இறந்த மலை மக்கள் நினைவாக.”

நீளமாக ஒரு மூச்சு விட்டார். மிளகுப் பையைக் காலடியில் இறக்கினார்.

“கல்லை எம் மடியில குடுங்க. நீங்க கம்பியப் புடிச்சுக்குங்க, இனி வளைவு ஜாஸ்தி.”