மூன்றாவது சிலிண்டர்

மத்தியானம் இரண்டே முக்கால். ஞாயிற்றுக்கிழமை. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை அது... வாரநாளிலேயே லாரியைத் தவிர ஒன்றும் வராது. ஞாயிறு என்றால் ஒரு நாய்கூடக் குறுக்கே போகாது.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை.

நடந்தது என் அக்கா வீட்டுக்காரரின் தம்பிக்கு. கார் மெக்கானிக். எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள்; கையில் ஸ்பேனர் இருக்கிறவரை வாய் ஓயாது. ஆனால் பொய் சொல்கிற ஆள் இல்லை. சொன்னாலும், தண்ணீர் குடித்துக் குடித்து இவ்வளவு சிரமப்பட்டுச் சொல்லமாட்டான்.

அந்தச் சாலையின் கடைசியில் அவன் பட்டறை. தகரக் கூரை. உள்ளே அன்று ஒரே ஒரு கார். பழைய வெள்ளைக் கார். என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டுத் திரும்பக் கட்டியிருந்தான். கட்டி மூன்று நாள். ஸ்டார்ட் ஆகவில்லை.

கார்க்காரர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கே இறந்தார் என்றால்... அந்தப் பட்டறையில்தான்.

வேலை நடந்த நாளெல்லாம் வந்து நிற்பாராம். வாயில் இருமல் மிட்டாயோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி. ஒருநாள் என்ஜின் மேல்மூடி இல்லாமல் திறந்து கிடந்தது. நாலு சிலிண்டரும் நாலு கிணறு மாதிரி தெரிந்தன. டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மூணாவதுல தூசி கிடக்கு பாரு. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

குனிந்தார். வாயைக் கிட்டே கொண்டுபோய் ஊதினார். ஊதின மூச்சு போயிற்று. திரும்ப இழுக்கவில்லை. அப்படியே என்ஜின் மேல் கவிழ்ந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள்... ஆஸ்பத்திரி வாசலிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பதினாறு நாள் கழித்து அவர் மனைவி போன் பண்ணினாள். தையல் கடை வைத்திருக்கிறவள். ஐம்பதைத் தாண்டிய, அதிர்ந்து பேசாத பெண். "அவர் ஆரம்பிச்சது தம்பி. பாதியில விட்டா அவருக்குப் பிடிக்காது. முடிச்சுக் குடுத்துடுங்க, மருமகன் வந்து எடுத்துக்குவார்."

இவனும் முடித்தான். சாவியைத் திருப்பினான். கிர்... கிர்... கிர்... கிர்... அவ்வளவுதான்.

பேட்டரி இறங்கியிருக்கும் என்கிறீர்களா? அவனும் அப்படித்தான் நினைத்தான். புது பேட்டரி மாட்டினான். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தான். பொறி நீலமாகத் தெறித்தது. பெட்ரோல் வருகிறதா? வந்தது. டைமிங் தப்பாயிருக்குமோ என்று முன்மூடியை இரண்டு தடவை கழற்றினான். குறிகள் நூல் பிசகாமல் நேராக நின்றன. பிளக் ஒயர்களை வரிசை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று விரல் விட்டு எண்ணினான். எல்லாம் சரி. எல்லாம் சரியாயிருந்தும் ஓடாத என்ஜினைவிட மெக்கானிக்குக்குக் கேவலம் வேறில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

ஞாயிறு காலையில் அந்தத் தையல்கடை அக்காவுக்கே போன் போட்டான். "அக்கா, திருட்டுப் போகாம இருக்க அவர் எங்கயாவது ரகசிய சுவிட்ச் வச்சிருந்தாரா?" அவள் தெரியாது என்றாள். பிறகு, "நானே வந்து பார்க்கிறேன்" என்றாள்.

அவள் வரட்டும் என்று காத்திருந்தபோதுதான்... இரண்டே முக்கால்... நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தான். ஒன்று, இரண்டு, நாலு காய்ந்திருந்தன. மூன்றாவது ஈரம். பெட்ரோல் ஈரம் இல்லை. கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் பூக்குமே, அந்த மாதிரி ஆவி. துடைத்தான். திரும்ப மாட்டினான். உடனே கழற்றினான். மறுபடியும் பூத்திருந்தது.

சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க, பழைய மெக்கானிக்குகள் பிளக் துளையின் மேல் கட்டைவிரலை வைப்பார்கள். அடுத்தவன் சாவியைத் திருப்ப, காற்று விரலைத் தள்ளும். இவனுக்கு அடுத்தவன் யாரும் இல்லை. சாவி மேஜைமேல் கிடந்தது. சும்மா... யோசனையாக... மூன்றாவது துளையில் கட்டைவிரலை வைத்தான்.

இழுத்தது.

விரல் சதை மெதுவாகத் துளைக்குள் போயிற்று. நின்றது. ஐந்து எண்ணலாம்... அப்புறம் விட்டது. வெதுவெதுப்பாக, நீளமாக. இருமல் மிட்டாய் வாசனை அடித்தது. திரும்பவும் இழுத்தது.

எத்தனை நேரம் விரலை எடுக்காமல் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. எடுக்கத் தோன்றவில்லையாம். எடுத்தால் மூச்சுச் சத்தம் கேட்டுவிடும் என்று நினைத்தானாம்.

"என்ன தம்பி?"

ஷட்டர் பக்கத்தில் அந்த அக்கா நின்றிருந்தாள். கையில் பை. அவளே கிட்டே வந்தாள். அவன் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அவன் கையை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்தாள்.

ஒரு மூச்சு. நிறுத்தம். விட்டது.

அவள் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் ஆச்சரியமும் இல்லை.

"முப்பத்தோரு வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். இப்படித்தான்... நடுவுல நிறுத்துவார்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "தூங்குறார் தம்பி. எழுப்பாதீங்க."

"அக்கா..."

"தூங்குற நேரம்தான் நல்ல நேரம். அப்படியே மூடிடுங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். மருமகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

விரலை எடுத்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சிமெண்டுத் தரையில், எங்கே கால் வைத்தால் சத்தம் வராது என்று தெரிந்தவள் மாதிரி, நுனிக்காலில் நடந்து வெளியே போனாள்.

அப்போதே பூட்டிவிட்டு வந்திருக்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "மூணு நாள் தோத்திருக்கேன்டா. பயம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். ஒரே ஒரு தடவை பார்ப்போம்னு..."

பிளக்குகளை முறுக்கினான். ஒயரை மாட்டினான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

அரைச் சுற்றுகூட இல்லை. பிடித்துக்கொண்டது.

அப்படி ஓடின என்ஜினை அவன் பார்த்ததே இல்லையாம். பானெட் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் தளும்பாது. ஒரு நிமிஷம் சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

அந்த அக்கா திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. அழவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வருகிற மாதிரி வந்தாள். பக்கத்துச் சீட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து, முழங்காலைச் சேர்த்து, நேரே முன்னால் பார்த்தாள்.

"நீங்க இறங்கிடுங்க தம்பி. அந்த சீட்ல வேற ஆள் உட்கார்ந்தா அவருக்குப் பிடிக்காது."

இவன் சாவியைத் திருப்பி அணைத்தான். என்ஜின் நிற்கவில்லை. சாவியை உருவினான். நிற்கவில்லை. கையில் சாவி, காதில் என்ஜின். கீழே குதித்தான். கதவு அவன் பின்னால் மெதுவாக... யாரோ உள்ளிருந்து இழுத்த மாதிரி... சாத்திக்கொண்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்.

இவன் குள்ளம், சீட்டை முன்னால் தள்ளிப் போட்டிருந்தான். செத்துப்போனவர் ஆறடிக்கு மேல்.

டக்... டக்.

காலியான டிரைவர் சீட்டு, அடியிலிருக்கிற இரும்புத் தடத்தில் ஒவ்வொரு பல்லாகப் பின்னுக்குப் போயிற்று. கால் நீட்ட இடம் போதுமென்று ஆனதும் நின்றது.

அந்த அக்கா தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

ரேடியோ ஓடியிருப்பான் என்று நினைக்கிறீர்கள். ஓடினான்... ஆனால் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான். கதவைத் திறந்து அவள் இடது கையைப் பிடித்தான். "இறங்குங்கக்கா." வரவில்லை. பெல்ட் போட்டிருக்கிறாளா என்று பார்த்தான், போடவில்லை. மெலிந்த பெண், ஆனாலும் ஒரு மூட்டை கனம் கனத்தாள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, "அவர் செத்துட்டாருக்கா, வாங்க" என்று கத்தி, ஒரே இழுப்பு. இருவரும் தரையில் விழுந்தார்கள்.

என்ஜின் நின்றது. மேலே தகரக் கூரை வெயிலில் படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் காரை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடி, இவன் வேறு இடம் பார்த்துப் போய்விட்டான். அந்த அக்காவும் தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அன்றைக்கு அவளைப் பஸ் ஏற்றிவிட நடந்துபோனபோது ஒன்றைப் பார்த்திருக்கிறான். இவன் பிடித்து இழுத்தது இடது கை. அதில் ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் பக்கம் இருந்தது அவளுடைய வலது கை. முழங்கைக்குக் கீழே ஐந்து விரலும் பதிந்து, நீலமாகக் கன்றிக்கொண்டு வந்தது.

அவன் பார்ப்பதை அவள் கவனித்தாள். பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையை அதன்மேல் இழுத்துவிட்டு, தடம் சரியாக மறைகிற மாதிரி முழங்கையை லேசாக மடித்துக்கொண்டாள்... குனிந்துகூடப் பார்க்காமல்.