பன்ரெண்டு வோல்ட்டு

கதைக்காதீங்க மச்சான். வாயச் சுத்தித் துணி, டொக்டரும் கதைக்கப்படாதெண்டிரிக்கார். கண்ணச் சிமிட்டுங்க, எனக்கு வெளங்கும். ஓம், கார் ஏன் எரிஞ்சிச்செண்டுதானே கேக்கிறீங்க?

வயர்தான். ஒங்களப்போல ஆக்களுக்கு ஒரு நெனப்பு. வீட்டுல இருநூத்தி முப்பது வோல்ட்டு, கார்ல வெறும் பன்ரெண்டு, கைய வெச்சாலும் அடிக்காது, நூல்போல வயர் போதுமெண்டு. தலகீழ் மச்சான்! வோல்ட்டு கொறஞ்சாக் கரண்டு கூடுதலா ஓடணும். கார்க் கூரையில கட்டின ஒங்கட நாலு லைட்டையும் வீட்டுல எரிச்சா ஒரு அம்பியர். கார்ல பதினெட்டு. பெட்டரியிலிருந்து கூரைக்கு நீளம் வேற. நீளங் கூடினா வயர்ட தடிப்பும் கூடணும். மெல்லிசாப் போட்டாச் சுடும், தோல் உருகும், சீட்டுக்கு நெருப்புப் புடிக்கும். கல்முனையில எந்தக் கராஜ்லயும் சொல்லுவானுகள்.

ஏன் முழிக்கிறீங்க? நோகுதா? நோகட்டும்.

என்ட தங்கச்சி கைருன்னிஸாட சீதன வயல வித்து வாங்கின கார். அதுலயே சம்மாந்துறைக்கு ரெண்டாங் கலியாணத்துக்கு மாப்பிள்ளையாப் போக வெளிக்கிட்டீங்க. சரி, மார்க்கத்துல எடமிரிக்கு. ஆனா லைட்டுக் கட்ட ஊருல வேற ஆளே கிடைக்கல்லயா? பொஞ்சாதிட காக்காவையே, அவளோட கூடப்பொறந்த என்னையே கூப்பிட்டு, நல்லா மின்ன வேணும் மச்சான், ஊரே பாக்கணுமெண்டு சிரிச்சீங்களே. வெக்கங்கெட்ட மனிசன்! அவள் குசினிக்குள்ள, அடுப்படியில இருந்து கேட்டுக் கேட்டு அழுதாள்.

ஊரு பாத்திச்சிதான். மஃரிபு நேரம், பொழுது படக்குள்ள, பாலத்தடியில கார் புடிச்சிச்சி. கூட வந்தவனெல்லாம் பாஞ்சிட்டான். நீங்க மட்டும் பொண்ணுக்குக் கொண்டுபோன தங்க மாலப் பெட்டிய எடுக்கவெண்டு திரும்பி உள்ள போனீங்க. இப்ப அந்தப் பொண்ணு வீட்டார் ஒருத்தனும் எட்டிப் பாக்கல்ல. பொண்ணுக்கு வேற எடம் பேசுறாங்களாம்.

என்ன, அப்பிடிப் பாக்கிறீங்க? நானா செஞ்சனெண்டா? எனக்குத் தெரியாத வேலையா மச்சான்? தடிச்ச வயர் கையிலதான் இரிந்திச்சி. அத வெச்சிட்டு, வீட்டு மணிக்கு இழுக்கிற பெல் வயரப் போட்டன். பியூசும் போடல்ல. கார் எரியும், ஒங்கட மானம் போகுமெண்டுதான் நெனச்சன். இப்பிடி ஆகுமெண்டு நெனக்கல்ல. ஆனாக் கவலையுமில்ல.

பொலிசுக்குச் சொல்லுவீங்களா? சொல்லுங்க. எழுதக் கை வேணுமே.

இந்தா, கைருன்னிஸா கஞ்சியோட வாறாள். மூணு கிழமையா அவள்தான் ஒங்களுக்கு ஊட்டுறாள். அவளுக்கு இது ஒண்டும் தெரியா. வாயத் திறங்க மச்சான்.